மூலைக் கழி

போன மாதம் சின்ன மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகப் பட்டணம் போயிருந்தேன். வரிசை நீளமாக இருந்தது. எனக்குக் கால் கடுப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஜெப மண்டபம் இருக்கிறது, அங்கே போய் உட்காரும்மா, முறை வந்தால் கூப்பிடுகிறேன் என்று மகள் அனுப்பிவைத்தாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் ஆண்டவர் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால்தான் அந்த ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும் எனக்கு.

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வார்னிஷ் அடித்த வாசனை. கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தால், அந்த வாசனைக்கு அடியிலிருந்து ஏரிச் சேற்றின் வாசனை கிளம்பி வருகிற மாதிரி இருந்தது. என் மூக்கின் கோளாறு அது. பழவேற்காட்டில் பிறந்தவள் என்பதால் கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தாலும் எனக்குச் சேறுதான் மணக்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

கண்ணைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு சிலுவை. இரண்டு சவுக்குக் கழிகளைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் கட்டியது. தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. மேலே ஊதாப் பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில், 'ஏரி மக்களின் அன்பளிப்பு'. எழுந்து கிட்டே போனேன். நெடுங்கழியின் அடியில், வார்னிஷுக்கு உள்ளே, கத்தியால் வெட்டிய மூன்று கீறல்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

அது ஏழுமலையின் மூலைக் கழி. அதைக் கடைசியாக நான் பார்த்தது ஒரு பேருந்தின் கூரைமேல்.

அப்போது எங்கள் கோயிலை ஒட்டி ஓடு வேய்ந்த பயிற்சி இல்லம் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் கோடை விடுமுறையில் பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து கிறிஸ்தவ மாணவர்கள் வந்து தங்குவார்கள். வாசலில் 'விசுவாசமும் சமூக நீதியும்' என்று துணியில் எழுதிக் கட்டுவார்கள். மாணவத் தலைவர்களை உருவாக்குகிற முகாம் அது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட என்னைத் தலைவியாக உருவாக்க முடியாது என்பதால் வெங்காயம் உரிக்க வைத்துக்கொண்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக நான் கேட்ட வேத பாடம்தான் இன்றைக்கும் என் கையில் இருக்கிற சொத்து.

பயிற்சி கொடுத்தவர் ஜெயசீலன் அண்ணன். கல்யாணம் காட்சி இல்லாமல் ஊழியத்துக்கே தன்னைக் கொடுத்தவர். இரண்டே சட்டை. பேசினால் கல்லும் கரையும். விடியற்காலையில் பிள்ளைகளை ஒல்லாந்தர் கல்லறைக்கு அழைத்துப்போவார். அதன் வாசல் தூணில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அது நிஜ டச்சுத் துரையின் எலும்பு, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டார்கள் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். காபித் தூக்கோடு போகிறபோது அதன் பக்கம் திரும்பாமல் நடப்பேன். சமாதிக் கல்மேல் உட்கார்ந்து அண்ணன் பேசுவார். இந்த ஒல்லாந்தர்கள் இங்கே துணியும் மிளகும் மட்டுமா ஏற்றினார்கள், பஞ்ச காலத்தில் மனுஷர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள், அன்றைக்கும் வேதாகமம் அவர்கள் மேசைமேல்தான் இருந்தது என்பார். பிள்ளைகள் அழும். நானும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அழுவேன். காபி ஆறிப்போய்த் திட்டும் வாங்குவேன்.

அந்த வருஷம் முகாமில் எங்கள் குப்பத்துப் பெண்ணும் ஒருத்தி இருந்தாள். எஸ்தர், என் அத்தை மகள். பொன்னேரிக் கல்லூரியில் படித்தாள். எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். அவளைப் படிக்கவைத்தது அவள் அம்மா மார்த்தாள் அத்தையின் கை. நிஜமாகவே கைதான்.

எங்கள் குப்பத்துக்கு ஏரியில் பாடு கிடையாது. பாடு என்றால் வலை போடுகிற இடமும் முறையும். எதிர்க்கரை மீனவ ஊரில் சீட்டுக் குலுக்கிப்போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அது அவர்கள் ஊருக்குள் மட்டும். எங்கள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். மார்த்தாள் அத்தையின் முன்பற்கள் அந்தப் பறியின் காம்பு அளவுக்குத் தேய்ந்திருந்தன. சிரித்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும். முகாமுக்கு வந்த ஒரு பையன் அதைத் தெரிந்துகொண்டு, "கொஞ்சம் வாயத் திறங்கம்மா" என்று கேட்டுப் பல்லைப் படமெடுத்தான். அத்தையும் திறந்து காட்டியது. மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது எனக்கு.

அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஒருநாள் பாதம் கழுவும் ஆராதனை வைத்தார்கள். எங்கள் குப்பத்துப் பெண்களை வரிசையாக உட்காரவைத்து, பட்டணத்துப் பிள்ளைகள் முழங்காலில் நின்று அவர்கள் பாதத்தைக் கழுவித் துடைத்தார்கள். அத்தையின் வெடித்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அத்தைக்கோ கூச்சம். அதைவிட, கழுவுகிற தண்ணீர்மேல் கண். எங்கள் ஊரில் கிணறு எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீரை நான் தலைச்சுமையாகத் தொலைவிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அது மண்ணில் ஓடுவதைப் பார்த்து, "அடியே, மிச்சத்தனாச்சும் குடத்துல புடி மே" என்று என் காதில் சொன்னது.

முகாமின் கடைசி நாளில் 'நீதியின் செயல்' என்று ஒன்று உண்டு. படித்ததைச் செய்து காட்ட வேண்டும். சில வருஷம் கோயில் வளாகத்தில் செடி நடுவார்கள். சில வருஷம் வசனம் எழுதிய தட்டிகளோடு தெருவில் நடப்பார்கள். அந்த வருஷம் அண்ணன், இந்த ஏரியில் நீங்கள் பார்த்த அநியாயம் என்ன என்று கேட்டார். எஸ்தர் எழுந்தாள். ஏரியின் நடுவே வரிசையாகக் கழி நட்டு, மூலையில் சிவப்புத் துணி கட்டிவைக்கிறார்கள், அந்தக் கழிக்குள் என் அம்மா கால் வைக்க முடியாது என்றாள். ஆண்டவர் படைத்த தண்ணீருக்கு வேலியா என்று அண்ணன் கேட்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

அவள் சொன்னது பொய்யில்லை. பாதி. துணி கட்டியிருக்கிற வரைதான் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் முகத்துவாரத்துப் பக்கம் இறங்கும்போது அந்தக் கழிகளில் வலையைக் கட்டி இறாலை மறிப்பார்கள். வலையை வாரி முடித்ததும் அன்றைக்குப் பாடு யாருடையதோ அவர் மூலைக் கழியிலிருந்து துணியை அவிழ்ப்பார். அதற்காகவே எங்கள் பெண்கள் கரையில் பறியோடு காத்திருப்பார்கள். துணி அவிழ்ந்ததும் இறங்கலாம். வலைக்குத் தப்பிச் சேற்றில் புதைந்ததெல்லாம் அவர்களுக்கு. வெளியே நாள் முழுக்கத் தடவினாலும் வராதது கழிக்குள்ளே ஒரு நடையில் வரும். அத்தை பெரும்பாலும் எதிர்க்கரை ஏழுமலையின் முறை வருகிற நாளுக்காகக் காத்திருக்கும். அவர் துணியைச் சீக்கிரம் அவிழ்த்துவிடுவார், கழியையும் உடனே பிடுங்கமாட்டார். அவர் மூலைக் கழியின் அடியில் மூன்று கீறல் இருக்கும், அது அவர் வீட்டு அடையாளம்.

இது எஸ்தருக்குத் தெரியாது. மகள் கால் சேற்றில் படக் கூடாது என்று அத்தை அவளைக் கரைப்பக்கமே விட்டதில்லை. வீட்டிலிருந்து தூரத்தில் பார்த்தால் கழிகளும் துணியும்தான் தெரியும். அவிழ்ப்பது தெரியாது.

கடைசி நாள் விடிந்ததும் கல்லறையில் ஜெபம் முடித்து அப்படியே ஏரிக்குப் போனார்கள். ஏழுமலை முந்தின சாயங்காலமே கழி நட்டுத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் இறங்குகிற நேரத்துக்கு வலையோடு வரவேண்டும், அவ்வளவுதான். வெகுநாளைக்குப் பிறகு அவர் வீட்டுக்கு விழுந்த சீட்டு அது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி, ஒன்றுவிடாமல் பிடுங்கிப்போட்டார்கள். இரண்டை மட்டும் தோளில் சுமந்து வந்தார்கள். மற்றவை மிதந்து போயின. நான் அப்போது இட்லிப் பானைக்கு முன்னால் இருந்தேன். கழிகளை முற்றத்தில் போட்டுவிட்டு நனைந்த உடுப்போடு சமையலறைக்கு வந்தவர்களைப் பார்த்து, குளிக்கப் போனார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லத்து முற்றத்தில் அந்த இரண்டையும் கழுவிச் சிலுவையாகக் கட்டினார்கள். மதியம் நிறைவு ஆராதனை. எஸ்தரின் அம்மாதான் அதைப் பீடத்துக்குச் சுமந்து வரவேண்டும் என்று முடிவு செய்தார்கள். அத்தை வெள்ளைச் சேலையில் வந்தது. கதவுக்கு வெளியே சிலுவையைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். உள்ளே எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறார்கள். முன்வரிசையில் எஸ்தர், தலைவிக்கான வெள்ளிச் சின்னம் குத்திக்கொள்ளக் காத்திருக்கிறாள். அத்தையின் கை கழியின் அடியைத் தடவியது. தடவிப் பார்த்தே இறாலா நண்டா என்று அறிகிற கை. மூன்று கீறலில் வந்து நின்றது.

பக்கத்தில் நின்ற என்னிடம் மெல்லச் சொன்னது: "இது ஏழுமலையோட மூலக் கழிடி."

சொல்லிவிட்டு நடந்தது. வேறென்ன செய்யும்? மகள் பார்க்கிறாள். பீடம்வரை சுமந்துபோய் வைத்துவிட்டு முழங்காலில் நின்றது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். எஸ்தருக்குச் சின்னம் குத்தினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

வெளியே வந்தால் வாசல் வேப்பமரத்தடியில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. தண்ணீர் இறங்கி முடிந்து, முறையும் முடிந்துவிட்டது. போன முறையைத் திரும்பக் கேட்க முடியாது. அவர் ஊரிலேயே ஒருத்தரும் கேட்டதில்லை. அவரும் சபைக்கு வந்த விருந்தாளி என்று நினைத்து ஒரு பையன் சிரித்த முகத்தோடு கைகுலுக்கி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் அத்தையைப் பார்த்தார்.

"இன்னாமே, உம்பொண்ணு சிலுவ செய்றதுக்கு என் கழிதான் கெடச்சுதா?"

"தெரியாம செஞ்சிட்சி நைனா."

"தெரிஞ்சோ தெரியாமயோ. பொழுது சாயறப்ப ஊரு கூடுது. மூலக் கழி வந்துச்சுன்னா நான் பேசிக்கிறேன். வரலன்னா என் வாய்ல ஒண்ணுமில்ல."

அவர் ஊர்க்கட்டு அப்படி. அடுத்தவர் கழியைப் பிடுங்கியவர்கள் அந்த மூலைக் கழியைத் தங்கள் கையால் கொண்டுவந்து ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் ஊன்றினால், தெரியாமல் செய்ததாக விட்டுவிடுவார்கள். வராவிட்டால் வேண்டுமென்றே செய்தது. அதற்கு அப்புறம் பேச்சில்லை.

அத்தை ஓடியது. சிலுவையை அதற்குள் பேருந்தின் கூரையில் ஏற்றிப் பெட்டிகளோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தில் பெரிய கூட்டம். அங்கே சிலுவையைக் காட்டி எஸ்தர் சாட்சி சொல்வதாக ஏற்பாடு. ஜெயசீலன் அண்ணனிடம் அத்தை மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னது. துணி அவிழ்க்கிறதை, காத்திருக்கிறதை, ஊர் கூடப்போகிறதை. அவர் பொறுமையாகக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

"வேற கழி எத்தனை வேணும்னாலும் அனுப்பி வைக்கிறேன்மா. ஆனா இது இப்ப கழி இல்ல, சிலுவை. பீடத்துல வச்சு ஜெபிச்சதை மறுபடியும் எப்படிம்மா சேத்துல ஊன்றது?"

அத்தை யோசித்தது. பக்தியில் அது அவருக்குக் குறைந்ததில்லை. சிலுவையைப் பிரிப்பது பாவம் என்றால் அதற்கும் நடுங்குகிற ஆள்தான். யோசித்துவிட்டுக் கேட்டது:

"குறுக்கால இருக்கிறத நீங்க வெச்சிக்கங்க அண்ணே. நெட்டக் கழிய மட்டும் குடுங்க."

அவர் அத்தையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். உருக்கமான ஜெபம்தான். கண்ணை மூடியிருந்த அத்தையின் கால்கள் மட்டும் நிலைகொள்ளவில்லை. ஜெபம் முடிவதற்குள் கூரைமேல் கட்டும் முடிந்திருந்தது.

எஸ்தர் பேருந்துப் படியில் நின்றாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அண்ணா, அந்தக் கழி என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து பிள்ளைகள் அவள் பேரைச் சொல்லிப் பாட ஆரம்பித்தார்கள். "எம்மா, ஞாயித்துக்கெழம முடிச்சுக்கினு வந்துர்றேன், வந்து பேசிக்கலாம்" என்றாள். கை நெஞ்சிலிருந்த சின்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேருந்து கிளம்பியது. மார்த்தாள் அத்தை வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடியது. மகளை வழியனுப்ப ஓடுகிறது என்று ஜன்னலோரப் பிள்ளைகள் கையாட்டினார்கள்.

சாயங்காலம் எங்கள் குப்பத்துப் பெரியவர்களோடு அத்தையும் எதிர்க்கரைக்குப் போனது. நானும் துணைக்குப் போனேன். யாரும் சத்தம் போடவில்லை. திட்டவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. ஏழுமலை கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. ஊர்த்தலைவர் அத்தையின் வெறுங்கையைப் பார்த்தார்.

"கழி வரல. இனிமே நீங்களும் வர வேணாம்."

அவ்வளவுதான் தீர்ப்பு. மன்னிக்கச் சொல்லி எங்கள் பெரியவர் ஒருவர் காலில் விழப் போனார். அந்தத் தலைவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏரியில் கழி நட்டார்கள், வலை கட்டினார்கள், வாரினார்கள். எந்த மூலைக் கழியிலும் சிவப்புத் துணி மட்டும் கட்டவில்லை. காத்திருக்க ஆளில்லாத கரைக்கு எதற்குத் துணி? தவறிப்போய்க் கழிக்குள் இறங்கிய எங்கள் பெண் ஒருத்தியின் பறியை மிதித்து நசுக்கினார்கள். ஏழுமலை ஒருமுறை சந்தையில் அத்தையைப் பார்த்துவிட்டு வேறு சந்தில் திரும்பிப் போனார்.

அத்தை ஏரியின் தென்பக்கம் போகத் தொடங்கியது. அங்கே அடியெல்லாம் கிளிஞ்சல். பிள்ளைகள் கழுவிய அதே பாதம் கிழிந்தது. கிழிந்த புண்ணில் உப்புத் தண்ணீர் ஏறி ஆறாமல், சர்க்கரை வியாதி வேறு இருந்தது யாருக்கும் தெரியாமல், கடைசியில் கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். எஸ்தர் வடக்கே ஊழியத்துக்குப் போய்விட்டிருந்தாள். மாதம் தவறாமல் அம்மாவுக்குக் கடுதாசி போடுவாள். நான்தான் வாசித்துக் காட்டுவேன். கூட்டங்களில் அந்தச் சிலுவையைப் பற்றிப் பேசுவதாகவும், எங்கம்மா அதைச் சுமந்தாள் என்று சொல்லும்போது ஜனங்கள் அழுவதாகவும் எழுதுவாள். அத்தை கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கழி திரும்பி வருமா என்று எழுதிக் கேள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் கட்டைக்காலோடு கோயிலுக்கு வந்து, மகளுக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஸ்தோத்திரம் மெய்யானது. அதையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

கடைசி நாட்களில் நினைவு தப்பித் தப்பி வந்தது. காலையில் விழித்ததும் வாசல் பக்கம் பார்த்துக் கேட்கும்: "துணிய அவுத்துட்டாங்களா மே?" இல்லை அத்தை, இன்னும் இல்லை என்பேன். சரி, சொல்லு என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அடக்கத்துக்கு வந்த எஸ்தரிடம் ஒருதரம் கேட்டேவிட்டேன், அதை வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று. அவள், "அந்தக் கழிய அன்னிக்கி எறக்கியிருந்தா நான் இன்னிக்கி இல்லடி" என்றாள். அதுவும் நிஜம்தான் என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜெப மண்டபத்தில் என் கை தானாகவே நீண்டு அந்தக் கீறல்களைத் தடவியது. வழுவழுவென்றிருந்தது. துடைப்பத்தோடு வந்த பெண், "தொடாதீங்கம்மா, நேத்துதான் பாலிஷ் போட்டாங்க" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன். கும்பிட்டேன். சிலுவை சிலுவைதான், கும்பிடாமல் எனக்கு வரத் தெரியாது.

பயிற்சி இல்லத்தின் ஓடுகள் ஒரு புயலில் போயின. சுவர்களைப் பிறகு யாரோ கல்லுக்காகப் பிரித்துக்கொண்டார்கள். முகத்துவாரம் மணல் மூடி மூடி, இறால் வருவது வருஷத்துக்கு வருஷம் குறைந்து, அந்த இடத்தில் இப்போது கழி நட வருகிறவர்கள் இல்லை. ஏழுமலையும் இல்லை. அவர் மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீலச் சட்டை போட்டுக் காவலுக்கு நிற்கிறான்; அவர் ஊர்க்காரர்களையே உள்ளே விடாமல் நிறுத்துகிற வேலை. எங்கள் குப்பத்துப் பெண்கள் விடியற்காலை வேன் ஏறிக் கம்பெனிக்குப் போகிறார்கள். பல் தேய்ந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. கல்லறை வாசலில் எலும்புக்கூடு மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த வரிசையில் நின்ற கழிகளில் நனையாமல், மக்காமல் பிழைத்தவை இந்த இரண்டும்தான். தகட்டில் அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறது. கொடுத்தது யார் என்று எவராவது வந்து கேட்டால், இல்லை, நாங்கள் கொடுக்கவில்லை என்று சொல்ல அந்தத் தண்ணீரில் இன்றைக்கு ஆள் இல்லை.